உதடு ஒட்டாத சொல்

மதிய வெயிலில்தான் போய் இறங்கினேன். பேய்க்கதைக்கு இருட்டு வேண்டும் என்பார்கள். டப்பிங் தியேட்டரில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கப் பஞ்சை அடைத்துத் துணி போர்த்தியிருக்கும். கதவைச் சாத்தினால் தெருவில் லாரி கவிழ்ந்தாலும் உள்ளே கேட்காது. வெயிலைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

என்னைப் பார்த்ததும் காவல்காரர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அதற்கு முன் அவர் எழுந்ததே இல்லை. மனைவி செத்தால் மரியாதை கூடுகிறது.

அங்கே நான் சவுண்டு இன்ஜினியர். கூப்பிடுவது "சவுண்டு" என்று மட்டும். அவள் செத்தபிறகு வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அது.

மாடிப்படித் திருப்பத்தில் புதுப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். ஏரி, படகு, கட்டிப்பிடித்தபடி இரண்டு பேர். கீழே கொட்டை எழுத்தில், 'காலனையும் வென்ற காதல்.' ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். பசை காயவில்லை. மூலை மட்டும் கையோடு வந்தது.

படம் வேறு மொழியில் எடுத்தது. தமிழுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். மாயமும் காதலும் கலந்த கதை. கதாநாயகனுக்குச் சாவு கிடையாது. மலைமேல் ஒரு ஏரி. செத்தவர்களைப் படகில் அக்கரைக்குக் கொண்டுபோய் விடுவது அவன் வேலை. உயிரோடு இருக்கிற ஒருத்தியைக் காதலித்துவிடுகிறான். அவளுக்கு நோய். என் ஆயுளில் பாதியை வாங்கிக்கொள் என்று படம் முழுக்கக் கெஞ்சுகிறான். எவ்வளவு அழுதும் கண் வீங்கவில்லை, முடி கலையவில்லை. கடைசியில் அவள் வேண்டாம் என்று சொல்லி, துடுப்பை அவன் கையிலிருந்து வாங்கித் தானே வலித்துக்கொண்டு போகிறாள். திரும்பிப் பார்த்து ஒரே ஒரு சொல் சொல்கிறாள். திரை இருட்டாகிறது. சனங்கள் மூக்கைச் சிந்த வேண்டும்.

சாவைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும்? சாவுக்குப் பின்னணி இசை கிடையாது. ஒரு நர்ஸ் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வருகிறாள். "பேஷன்ட்டோட வந்தவங்க யாரு?" என்கிறாள். அவ்வளவுதான்.

அந்தக் கதாநாயகிக்குக் குரல் கொடுத்தவள் என் மனைவி.

முழுப் படத்தையும் பேசி முடித்துவிட்டாள், அந்தக் கடைசிச் சொல்லைத் தவிர.

வசனகர்த்தா எழுதியிருந்தது 'போறேன்'. அதற்குக் காரணம் உண்டு. அந்த இடத்தில் நடிகையின் உதடுகள் திரை முழுக்க நிற்கின்றன. அவர்கள் மொழியில் அந்தச் சொல் உதடுகளை ஒட்டிவைத்துத் தொடங்குகிறது. தமிழிலும் ப-வோ ம-வோ வந்தாக வேண்டும். வராவிட்டால் பார்க்கிறவர்கள் கண்ணை உறுத்தும். லிப் உட்காரவில்லை என்போம். 'போறேன்' அச்சில் வார்த்தது போல உட்காரும்.

அவள் மாட்டேன் என்றாள்.

"கிளம்பறப்ப போறேன்னு யாராவது சொல்வாங்களா சார்? எனக்கு வாய்லயே வராது."

"நீயா போற? படத்துல அந்தப் பொண்ணு போறா," என்றேன்.

"அவளும் சொல்ல மாட்டா. வரேன்னு வெச்சுக்கலாம்."

வசனகர்த்தா வாயிலிருந்த மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கினார். "சாகப்போறவ எங்கம்மா திரும்பி வருவா?"

"வர மாட்டான்னு அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இருந்தாலும் வரேன்னுதான் சொல்லுவா. இல்லன்னா அந்த ஆளு எப்படி சார் வீட்டுக்குத் திரும்பிப் போவான்?"

ஒரு டேக் அப்படியே பேசியும் காட்டினாள். 'வரேன்.' உதடு ஒட்டாத சொல். திரையில் உதடு ஒட்டியது; குரல் ஒட்டவில்லை. வசனகர்த்தா கையை விரித்தார். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தோம். அதற்குள் அவளுக்கு ஒரு சின்ன ஆபரேஷன் இருந்தது. எல்லோரும் 'சின்ன' என்றுதான் சொன்னார்கள். அந்தச் சொல்லைச் சொன்ன ஒவ்வொருவர் முகமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

தியேட்டர் என்ற பெயரில் எனக்குத் தெரிந்தவை மூன்று. படம் பார்க்க ஒன்று, குரல் பதிய ஒன்று, உடம்பை அறுக்க ஒன்று. பின்னால் சொன்ன இரண்டுக்கும் வாசலில் சிவப்பு விளக்கு உண்டு. எரிந்தால் உள்ளே வேலை நடக்கிறது, யாரும் நுழையக் கூடாது. ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியில் படுத்தபடி அவள் அந்த விளக்கைப் பார்த்துச் சிரித்தாள்.

"டேக் போகப் போறாங்க. மூச்சுவிடாம இரு."

என் கையை விட்டாள்.

"வரேன்."

விளக்கு எரிந்தது. அப்புறம் அணைந்தது. அவள் வரவில்லை.

தயாரிப்பாளர் மலர்வளையத்தோடு வந்தார். கிளம்பி, வாசலில் குனிந்து செருப்பை மாட்டும்போது, "அந்த ஒரு வார்த்தை மட்டும்தான பாக்கி?" என்று கேட்டார். அந்த வளையத்தை அவர் கழுத்திலேயே மாட்டித் திருகியிருக்க வேண்டும். தலையை ஆட்டினேன்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று காலையில் போனில் முடிவாகச் சொன்னார். "தங்கச்சிக்கும் அதே குரல்தானே? அவங்களை வெச்சு முடிங்க. இன்னிக்குள்ள ஆகலன்னா வேற ஆளைப் போட்டு மொத்தத்தையும் பேசிடுவோம். தப்பா நெனச்சுக்காதீங்க."

மொத்தத்தையும் பேசுவது என்றால் அவள் குரலை அடியோடு துடைத்துவிடுவது. என் போனில் மிச்சம் இருப்பதெல்லாம் "வரும்போது பால் வாங்கிட்டு வா" மாதிரித் துண்டுகள். அந்தப் படத்தில்தான் அவள் சிரிக்கிறாள், திட்டுகிறாள், கிசுகிசுக்கிறாள், இருமுகிறாள். முழு ஆளாக அவள் இருந்தது அங்கே மட்டும்தான். ஒரு சொல் உட்கார்ந்துவிட்டால் அவள் பிழைப்பாள். அதற்காகத்தான் அன்றைக்குப் போனேன். வேறு எதற்காகவும் அந்தப் படியை மிதித்திருக்க மாட்டேன்.

சின்னவள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். என் மனைவியின் தங்கை. அவளும் குரல் கொடுப்பவள்தான், பெரும்பாலும் விளம்பரங்களுக்கு.

"சாப்பிட்டீங்களா மாமா?"

முறைத்தேன்.

"கேக்கலன்னா நல்லாருக்காது, அதான் கேட்டேன். எனக்கும் சாப்பாடு எறங்கல."

அவளை மட்டும் என்னால் வெறுக்க முடியவில்லை.

குரல் பதியும் அறைக்கு அடுத்தடுத்து இரண்டு கதவுகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவு சந்து. அங்கே காது அடைத்துக்கொள்ளும். பழைய கம்பளமும் ஏசி ஈரமும் கலந்த வாடை அடிக்கும். அன்றைக்கு அந்த வாடையோடு வேறொன்றும் இருந்தது. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற திரவத்தின் நெடி. மூக்கில் ஒட்டிக்கொண்டது இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "டெட்டாலா மாமா?"

"தெரியாது. உள்ள போ."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், மைக், திரை. இந்தப் பக்கம் நானும் வசனகர்த்தாவும். விளக்கைக் குறைத்தேன். திரையில் ஏரி வந்தது, படகு வந்தது, உதடுகள் வந்தன.

"போறேன்," என்றாள் சின்னவள்.

என் காதில் தெளிவாக விழுந்தது. வசனகர்த்தா கட்டைவிரலை உயர்த்தினார். திருப்பிப் போட்டேன்.

ஏரி. படகு. உதடுகள்.

'வரேன்.'

வசனகர்த்தா மிட்டாயைக் கடித்துவிட்டார். "ஏம்மா! வரேன்னு சொல்லிட்டியே."

"இல்ல சார். போறேன்னுதான் சொன்னேன்."

"நானும் அப்படித்தான் கேட்டேன். அப்புறம் இது எப்படி? அக்காவும் தங்கச்சியும் ஒரே பிடிவாதமா? தம்பி, நீ பழைய டேக்கைப் போட்டுட்டியா?"

பழைய டேக் வேறு பெட்டியில் இருந்தது. தொடவே இல்லை. அதோடு, இது அந்த டேக்கும் இல்லை. அதில் அவள் மைக்கை ஒட்டி நின்று பேசியிருந்தாள். மைக்கிலிருந்து வாய் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைக் குரலைக் கேட்டே சொல்லிவிடுவேன். என் தொழிலே அதுதான். இப்போது கேட்டது அறையின் கடைக்கோடியிலிருந்து வந்தது. சுவரைப் பார்த்து நின்றுகொண்டு பேசிய குரல்.

"இன்னொண்ணு போலாம்," என்றேன்.

"போறேன்," என்றாள் சின்னவள். பயத்தில் அவளுக்குக் குரல் கீச்சென்று போனது.

திருப்பிப் போட்டேன். கீச்சுக் குரல் இல்லை. நிதானமான குரல்.

'வரேன்.'

இந்தத் தடவை அறையின் நடுவிலிருந்து. முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வசனத்துக்கு முன் மூச்சை இழுக்கும்போது நாக்கு மேலண்ணத்திலிருந்து விடுபட்டு 'ட்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். ஒவ்வொரு டேக்கிலும் அதை வெட்டி எடுப்பது என் தலையெழுத்து. "உன்னோட ட்-டைப் பொறுக்கியே என் ஆயுசு முடிஞ்சிடும்" என்பேன். "முடியட்டும். தெரிஞ்சுதான கட்டிக்கிட்ட?" என்பாள். மூச்சை இழுத்தாள் என்றால் பேசிவிடுவாள். ஒரு மூச்சைக்கூட வீணாக்கியதில்லை.

சின்னவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இரண்டாவது டேக்கில் 'வரேன்' என்பதற்கு முன்னால் அந்த 'ட்' இருந்தது.

வசனகர்த்தா கையில் புது மிட்டாய். உறையைப் பிரிக்காமல் உருட்டிக்கொண்டே இருந்தார். "மெஷின்ல ஏதோ கோளாறு தம்பி. ஒயரு கியரு பாரு."

"கோளாறு இல்ல."

"இல்லன்னு சொல்லாதப்பா. இருக்குன்னு சொல்லு. எனக்கு அதுதான் நல்லது."

மூன்றாவது டேக்குக்கு சின்னவள் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. தோளைக் குறுக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். அப்புறம் ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு இரண்டு கதவுகளையும் தள்ளிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள்.

"எனக்குப் பின்னாடி யாரோ நிக்கறாங்க மாமா."

"யாரும் இல்ல. நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன்."

"வரிசையில நிக்கற மாதிரி. நான் எப்ப நகருவேன்னு. கழுத்துல மூச்சு படுது." பின்கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். "அக்கா பேசணும்னு நிக்குது. அதுவே பேசட்டும். நான் மாட்டேன்."

"ஒரே ஒரு சொல்லு. அதுவும் இல்லன்னா அவ குரலையே அழிச்சிடுவாங்க."

"என்னை உள்ள அனுப்பாதீங்க மாமா. கால்ல வேணா விழறேன்."

அவள் பேசாத அந்த டேக்கைத் திருப்பிப் போட்டேன். பேசாத டேக்கில் எதுவும் இருக்கக் கூடாது.

'வரேன்.'

மைக்கை ஒட்டி. சின்னவள் நின்ற இடத்திலிருந்தே.

வசனகர்த்தா எழுந்துவிட்டார். தயாரிப்பாளருக்குப் போன் போட்டார். பாதி பேசுவதற்குள் அந்தப் பக்கம் முடிவு செய்துவிட்டார்கள். போனை மூடிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நாளைக்கே வேற பொண்ணைக் கூப்பிடச் சொல்றார் தம்பி. முதல்லேர்ந்து பேசிடலாமாம். நான் என்ன பண்ண? எனக்கும் உன் சம்சாரம் மக மாதிரி."

"மக மாதிரின்னா ஒரு சொல்லை மாத்தி எழுதியிருக்கலாமே?"

"லிப் உக்காரலையேப்பா."

"உக்காரலன்னா நிக்கட்டும். யார் செத்துடுவாங்க?"

கேட்டுவிட்டு நானே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சின்னவளைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கக் கீழே போய்விட்டார்.

நான் தனியாக இருந்தேன்.

அதுவரைக்கும் நான் அழவில்லை. பார்க்க வந்த எல்லோருக்கும் அது ஒரு குறை. "அழுதுடுங்க, பாரம் குறையும்" என்று ஆளாளுக்கு முதுகைத் தட்டினார்கள். பாரம் இல்லை, கோபம்தான் இருந்தது. யார்மேல் என்று தெரியாமல் இருந்தது. அன்று தெரிந்துவிட்டது.

இரண்டு கதவுகளையும் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அறை சில்லென்று கிடந்தது. ஏசி ஓடவில்லை. டெட்டால் நெடி தொண்டையில் ஏறியது. மைக்குக்கு எதிரே நின்றேன்.

"வரேன்னு சொன்ன," என்றேன். "வந்தியா?"

பஞ்சுச் சுவர் என் குரலைத் தின்றது.

"சொன்னியா இல்லையா? கையை விட்டுட்டு சொன்ன. நான் அந்தப் பெஞ்சுல உக்காந்திருந்தேன். எழுந்து போகக்கூட இல்ல. விளக்கு அணைஞ்சப்ப எழுந்து நின்னேன்டி, நீ வரப்போறன்னு. சட்டையைக் கூட சரி பண்ணிக்கிட்டேன்."

அறை அசையவில்லை.

"வராதவ எதுக்கு வரேன்னு சொல்லணும்? போறேன்னு சொல்லியிருந்தா நான் வீட்டுக்குப் போயிருப்பேன். இப்ப பாரு, எங்க போனாலும் அந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருக்கேன். உனக்காகத்தான இவ்வளவும். உன் குரலைத்தான அழிக்கப் போறாங்க. ஒரே ஒரு தடவை சொல்லு. போறேன்னு சொல்லிட்டுப் போய்த் தொலை!"

கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

சின்னவள் வீசிய ஹெட்போன் கம்பளத்தில் கிடந்தது. அதற்குள்ளிருந்து கேட்டது.

'ட்.'

மூச்சு உள்ளே போனது.

'வரேன்.'

படத்துக் குரல் இல்லை. வீட்டுக் குரல். குளியலறையிலிருந்து நான் துண்டு கேட்டுக் கத்தினால், அடுப்படியிலிருந்து பதில் சொல்வாளே, அந்தக் குரல். 'இதோ வரேன்' என்பதில் 'இதோ' மட்டும் இல்லை.

அப்போதுதான் புரிந்தது. விடைபெறும்போதும் அதே சொல்தான். கூப்பிட்டால் கிளம்பி வரும்போதும் அதே சொல்தான். முதலில் சுவரோரம். பிறகு நடு அறை. பிறகு மைக். அவள் விடைபெறவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு எட்டு எடுத்துவைத்திருக்கிறாள்.

இரண்டு கதவுகளுக்கும் நடுவே இருந்த சந்தில் ஏதோ உராய்ந்தது. துணி துணியோடு உராய்கிற சத்தம். ஆஸ்பத்திரியில் உடுத்திவிடுகிற விறைப்பான அங்கியின் சத்தம்.

நான் வெளியேற அந்தச் சந்து ஒன்றுதான் வழி.

உள்கதவின் கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது. பாதியில் நின்றது. பிள்ளையைத் தூங்கவைத்த அறையைத் திறக்கிறவர்கள் இப்படித்தான் திறப்பார்கள்.

இத்தனை நாளும் நான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். வா என்றுதான். வந்துவிடு என்றுதான்.

"வராதே," என்றேன்.

என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன்.

"வராதேடி."

கைப்பிடி அப்படியே நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு மேலே ஏறியது. யாரோ அதிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்கள்.

சந்தில் யாரும் இல்லை. நெடி மட்டும் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தேன்.

பிறகு செய்ததைப் பயத்தில் செய்ததாகச் சொல்ல மாட்டேன். எல்லாம் கோபம்தான். வராதே என்று என்னைச் சொல்லவைத்துவிட்டாளே என்ற கோபம்.

அவள் பேசிய படம் முழுக்க என் கையில் இருந்தது. சண்டைக் காட்சியில் அவள் "போதும்" என்கிறாள். அதிலிருந்து 'போ'-வை வெட்டினேன். ஏரிக்கரைக் காட்சியில் அவனிடம் "இங்கயே நிக்கறேன்" என்கிறாள். அதிலிருந்து 'றேன்' எடுத்தேன். இரண்டையும் ஒட்டினேன். ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் தேய்த்தேன். முன்னால் வந்த மூச்சைத் துடைத்தேன். 'ட்'-டையும் துடைத்தேன்.

'போறேன்.'

ஆயுளில் அவள் சொல்லாத சொல்லை அவள் குரலிலேயே சொல்லவைத்துவிட்டேன். லிப் கச்சிதமாக உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு திரை இருட்டாகும் இடத்தில் வெறும் அறையின் சத்தம் போட வேண்டும். சும்மா விட்டால் படம் செத்துப்போன மாதிரி இருக்கும். பார்க்கிறவர்கள் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். ஆளில்லாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. அதைத் தனியாகப் பதிந்துவைத்திருப்போம். தேடியபோது, அன்றைய தேதியில் ஒரு நீளமான பதிவு கிடந்தது. திரையில் அதன் ஒலியலையைப் பார்த்தேன். கோடு நேராக இருந்தது. ஒரு மேடு இல்லை, பள்ளம் இல்லை. கேட்டுப் பார்க்காமல் வெட்டிப் போட்டேன். எங்கள் வேலையில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். வெறுமையை யார் உட்கார்ந்து கேட்பார்கள்?

கதவு திறந்து இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். போட்டுக் காட்டினேன். சின்னவள் அழுதாள். வசனகர்த்தா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணு கடைசியில என் வசனத்தைப் பேசிட்டாப்பா" என்றார். உறை பிரிக்காத மிட்டாயை என் மேசையில் வைத்தார்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"நாங்க அப்பவே வந்துட்டோம் மாமா. வாசல்ல சிவப்பு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. நீங்க பதியறீங்கன்னு வெளியவே நின்னோம்."

நான் எதையும் பதியவில்லை.

சின்னவளிடம் அதைச் சொல்லவும் இல்லை. வெட்டிப் போட்ட அந்த நீளமான பதிவு எப்போது, யாரால் ஆனது என்று நான் தேடவில்லை. படத்தைக் கொடுத்தாகிவிட்டது. அவள் குரல் பிழைத்துவிட்டது. எனக்கு அது போதும் என்று இருந்தேன்.

அன்றிலிருந்து சின்னவள் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது எதுவும் சொல்வதில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படியிறங்குகிறாள்.

படம் வெளியானது. பகல் காட்சிக்குப் போனோம். சின்னவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். அக்கா குரலைப் பெரிய ஸ்பீக்கரில் கேட்க வேண்டுமாம். அரங்கு பாதி காலி. எனக்கு வலப்பக்கம் சின்னவள். இடப்பக்கம் யாரும் இல்லை. ஸ்பிரிங் வைத்த இருக்கைகள். ஆள் உட்காராவிட்டால் தானாக மேலே மடங்கிக்கொள்ளும். என் இடப்பக்கத்து இருக்கையும் மடங்கித்தான் இருந்தது. கையை வைத்துக்கொள்ள இடைஞ்சலாக இருக்கிறதா என்று பார்த்தேன், அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

அவள் பேசினாள். சிரித்தாள், திட்டினாள், கிசுகிசுத்தாள். எனக்குப் பின்வரிசையில் ஒருவன் அவள் சிரிப்பைக் கேட்டு, "சூப்பர் வாய்ஸ்டா" என்றான். அவன் சட்டையைப் பிடித்து, அவள் யார் தெரியுமா என்று உலுக்க வேண்டும் போலிருந்தது. சாவே இல்லாதவன் திரையில் அழுதுகொண்டிருந்தான். இவனுக்கு என்ன கேடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இங்கயே நிக்கறேன்" என்ற வசனம் வந்தபோது சின்னவள் என் கையைப் பிடித்தாள்.

கடைசியில் படகு வந்தது. உதடுகள் திரை முழுக்க நின்றன. ஒட்டின.

'போறேன்.'

திரை இருட்டானது. அங்கங்கே மூக்கை உறிஞ்சும் சத்தம். அதற்கு மேலே நான் வெட்டிப் போட்ட வெறும் அறை, ஸ்பீக்கர்களிலிருந்து மெல்ல இரைந்தது. அந்த நெடி வந்தது. டெட்டால்.

அந்த அரங்கின் வாசலில் சிவப்பு விளக்கு கிடையாது. உள்ளே உண்டு. வெளியேறும் வழி என்று எழுதிய பலகை, கதவுக்கு மேலே சிவப்பாக எரியும். அந்த வெளிச்சத்தில் எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை.

இடப்பக்கம் ஸ்பிரிங் முனகியது.

'ட்.'

நான் திரும்பவில்லை. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் அரங்கெல்லாம் பரவும். இது பரவவில்லை. சுவரில் படவில்லை, திரும்பி வரவில்லை. தூரம் என்பதே அதில் இல்லை. என் இடது காதுக்கு மட்டும் வந்தது.

மூச்சு உள்ளே இழுக்கப்பட்டது. நீளமாக. ஒரு பெரிய வசனத்துக்கு இழுக்கிற மாதிரி.

பெயர்கள் ஓடின. விளக்குகள் எரிந்தன. சனங்கள் எழுந்தார்கள், அவர்கள் எழ எழ இருக்கைகள் வரிசையாக மடங்கிக்கொண்டன. பின்வரிசைக்காரன் போனில் யாரிடமோ, "படம் மொக்கை, ஆனா க்ளைமாக்ஸ் அழ வெச்சிட்டான்" என்றபடி போனான்.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். என்னைத் தாண்டி இடப்பக்கம் பார்த்தாள்.

"யாருக்கு மாமா இடம் புடிச்சு வெச்சிருக்கீங்க?"

திரும்பிப் பார்த்தேன். இருக்கையில் யாரும் இல்லை. பை இல்லை, துண்டு இல்லை. ஆனால் அது மடங்காமல், உட்கார்ந்த ஆளின் பாரம் தாங்குவது போல, கீழே இறங்கியே இருந்தது.

மூச்சை உள்ளே இழுத்துவிட்டாள் என் மனைவி. இன்னும் பேசவில்லை.